வெள்ளெழுத்தும் விட்டுப்போன வாசகர்களும்

சிற்றிதழ்த் தலையங்கங்களிலும் நூல் வெளியீட்டு விழாக்களின் நன்றியுரைகளிலும் தவறாது ஒலிக்கும் ஒரு வருத்தம் உண்டு. வாசகர்கள் அருகி வருகிறார்கள் என்பதே அது. தொலைக்காட்சி, கைப்பேசி, ஆங்கிலவழிக் கல்வி, நூல்களின் விலை என்று காரணங்களும் வரிசையாக அடுக்கப்படும். இவற்றில் எதையும் மறுப்பது எங்கள் நோக்கமன்று. நாங்கள் அறிந்தவரை இப்பட்டியலில் எவரும் சேர்த்திராத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். நாற்பதுகளைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அச்செழுத்து கலங்கித் தெரிகிறது. அதைச் சரிசெய்யும் கண்ணாடி, குறிப்பாகச் சிற்றூர்களில், பலர் கையில் இல்லை. பின்நவீனத்துவ விவாதங்கள் அனைத்தையும் விட இதுவே தமிழ் வாசிப்பின் அவசரப் பிரச்சினை என்றால் நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

தமிழில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். பழைய வழக்கில் சாளேசரம் என்றும் சொல்வதுண்டு. தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. கன்னடத்தில் இது சாளீசு. மூக்குக்கண்ணாடியையும் அதே சொல்லால் குறிப்பார்கள். தெலுங்கில் சத்வாரம். முன்னதில் இந்துஸ்தானியின் நாற்பதும் பின்னதில் வடமொழியின் நாற்பதும் ஒளிந்திருக்கின்றன. ஆக, நாற்பதை ஒட்டி இது வந்தே தீரும் என்பதை இந்த மண்ணின் மொழிகள் முன்பே அறிந்து வைத்திருக்கின்றன. விழியினுள் உள்ள இயற்கை வில்லை வயது ஏற ஏற நெகிழ்வை இழக்கிறது. தூரத்துப் பொருளிலிருந்து அருகிலுள்ள பொருளுக்குப் பார்வையைக் குவிக்க அதனால் முடிவதில்லை. நரையைப் போல இதுவும் எல்லோருக்கும் வருவது. தூரப் பார்வை நன்றாக இருப்பவருக்கும் வரும். பனைமர உச்சியில் அமர்ந்த பறவையை அடையாளம் சொல்பவர், கையிலுள்ள மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் படிக்க மாட்டார்.

தகடூரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை இம்மாவட்டத்தார் பெருமையோடு சொல்வார்கள். வாழ்நாளை நீட்டும் கனி அது. நீண்ட வாழ்நாளில் சுவடியைப் படிக்க ஔவை என்ன செய்திருப்பார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். கேள்வி வேடிக்கையானதுதான். ஆனால் ஆயுள் கூடியிருக்கும் நம் காலத்தில், ஒருவர் தம் வாசிப்பு வாழ்வின் சரிபாதியை வெள்ளெழுத்தோடுதான் கழிக்கிறார்.

தருமபுரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக மாவட்டங்களில் எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு, 68.5 விழுக்காடு. மாநிலச் சராசரி 80ஐத் தொட்டிருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 1990களில் அறிவொளி இயக்கம் தமிழகமெங்கும் ஊர் ஊராகச் சென்றது. திண்ணையிலும் தெருவிளக்கின் கீழும் அமர்ந்து, இருபத்தைந்து முப்பது வயதில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் இன்று ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எழுத்தை அவர்களில் பலர் மீண்டும் இழந்திருப்பார்கள். மறந்துபோனதால் இழந்தவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் இழந்தவர்களும் உண்டு. இரண்டாமவர்களை மீட்க இன்னொரு இயக்கம் தேவையில்லை. ஒரு கண்ணாடி போதும். எழுத்தறிவுப் புள்ளிவிவரம் இவர்களைப் படித்தவர்கள் பட்டியலிலேயே வைத்திருக்கிறது என்பது இதிலுள்ள வினோதம்.

வாசிப்பு என்று நாவலையும் கவிதையையும் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. மகளிர் குழுப் பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகம், மின்கட்டண அட்டை, பேரப்பிள்ளையின் பாடநூல், கைப்பேசியில் வந்து விழும் ஆறிலக்க எண் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டியவை. தொழிலும் அப்படியே. புளியிலிருந்து கொட்டையும் நாரும் நீக்குவது இம்மாவட்டத்துப் பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் வேலைகளில் ஒன்று. தருமபுரி அங்காடிக்குப் போகும் பட்டுக்கூடுகளில் கறைபட்டதையும் நைந்ததையும் பொறுக்கி ஒதுக்குவதற்கும், தையலுக்கும், அரிசியில் கல் பார்ப்பதற்கும் கிட்டப்பார்வை வேண்டும்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக எண்ண வேண்டாம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. அனைவருக்கும் தூரப்பார்வை நன்றாகவே இருந்தது. கிட்டப்பார்வை மட்டும் குறைந்திருந்தது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி தந்தார்கள். மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பின் தந்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த இலையின் அளவு, அணியாதவர்களை ஒப்பிட 21.7 விழுக்காடு கூடியிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களில் இது 31.6 விழுக்காடு. வங்கதேசக் கிராமங்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2024இல் வெளியானது. அதில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. இலை பறிக்கும் விரலுக்கே இவ்வளவு வேறுபாடு என்றால், எழுத்தைத் தொடரும் விழிக்கு எவ்வளவு என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. அளப்பதற்கு வாசிப்பு கூலி தரும் வேலையன்றே! உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த முதல் அறிக்கை, உரிய கண்ணாடி கிட்டாத வெள்ளெழுத்துக்காரர்கள் உலகில் சுமார் 82 கோடிப் பேர் என்று கணக்கிட்டது.

கண்ணாடி அப்படியொன்றும் விலை கூடிய பொருளா என்று நகரத்து நண்பர்கள் கேட்கலாம். அன்று. படிப்பதற்கு மட்டுமான ஆயத்தக் கண்ணாடி தள்ளுவண்டியிலும் வாரச் சந்தையிலும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணாடியை அடையும் வழிக்குத்தான் விலை அதிகம். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ ஒருவர் கண் சோதித்துக்கொள்ளத் தருமபுரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. ‘கண்ணாடி வியாழக்கிழமை ரெடியாகும்’ என்று கடைக்காரர் சொன்னால் இன்னொரு நாள் கூலி. இதை நன்கு உணர்ந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் முகாம்களில் கண்ணாடியை அங்கேயே பொருத்திக் கையில் கொடுத்தனுப்பும் முறையைக் கைக்கொண்டது. ஏழையை இரண்டாம் முறை வரச் சொல்லாமலிருப்பதே பெரிய தள்ளுபடி என்று நாங்கள் கருதுகிறோம். விளம்பரப் பலகைகளில் காணும் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ அதற்கு ஈடாகாது.

இன்னொரு தடை கூச்சம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லும் வீடுகள் இன்றும் உள்ளன. வெள்ளெழுத்தில் கூச்சம் வேறு உருக்கொள்கிறது. வயலில் வேலை செய்யும் பெண் கண்ணாடி போட்டால், ‘என்ன, டீச்சரம்மா ஆயிட்டியா?’ என்று கேலி எழுகிறது. கண்ணாடி படித்தவருக்குரிய அணிகலன் என்ற எண்ணம் ஊறிக்கிடக்கிறது. நம் திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் அதை வளர்த்தன. சிறுகதைகளுக்கும் அதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்க் கதைகளில் கண்ணாடி அணிந்தவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள்: ஆசிரியர், வக்கீல், குமாஸ்தா, புத்திசாலிப் பெண், எழுத்தாளர். கண்ணாடி அணிந்து புளி தட்டும் பெண் ஒருத்தி எந்தக் கதையிலாவது வருகிறாளா? வந்திருந்தால் வாசக நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இனி, வாங்குவது பற்றி. இலக்கியப் பக்கத்தில் கடைக்கணக்கு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் மாதம் இரண்டு மூன்று நூல் வாங்கும் காசைத் தேவையற்ற மேற்பூச்சுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள்.

ஆயத்தக் கண்ணாடியை மருத்துவர்களில் சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அது இரு கண்ணுக்கும் ஒரே பவர் கொண்டது. சிலிண்டர் எனப்படும் சாய்வுக் குறையைத் திருத்தாது. கண்ணின் கருவிழிகளுக்கு இடையிலான தூரம் சராசரி முகத்துக்கானது. இதையெல்லாம் விட முக்கியமான ஆட்சேபம் வேறு. எழுத்து தெரிந்துவிட்டால் ஆள் கண் மருத்துவரிடம் போக மாட்டார். கண் அழுத்த நோய் வலியின்றியே பார்வையைத் தின்றுகொண்டிருக்கும். சர்க்கரை விழித்திரையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இந்த எச்சரிக்கையை முழுமனதுடன் ஏற்கிறோம். நாற்பது கடந்தவர் எவராயினும் ஒருமுறையேனும் கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஆனால் முழுச் சோதனை கிடைக்கும் வரை ஒருவர் எழுத்தில்லாமல் இருக்க வேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும்? ஆயத்தக் கண்ணாடி அணிவதால் கண் கெடுவதில்லை. பொருந்தாவிட்டால் தலை வலிக்கும், கண் களைக்கும்; கழற்றி வைத்துவிடலாம், அவ்வளவே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இவை மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் விற்கின்றன. தூரப்பார்வை நன்றாக இருந்து கிட்டப்பார்வை மட்டும் குறைந்தவருக்கு இது முற்றிலும் போதுமான பொருள் என்பதே எங்கள் தரப்பு.

தேர்ந்தெடுப்பதில் நுட்பம் அதிகமில்லை. நாற்பதின் தொடக்கத்தில் +1, ஐம்பதை நெருங்கும்போது +1.5, ஐம்பதுகளில் +2, அறுபதுக்கு மேல் +2.5 என்பது தோராயமான கணக்கு. வழக்கமாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்தில், ஏறத்தாழ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். வசதியாகப் படிக்க முடிகிற மிகக் குறைந்த பவரே சரியானது. ‘இன்னும் பெருசா தெரியுதே’ என்று கூடுதல் பவரை எடுத்தால் புத்தகத்தை மூக்கருகே கொண்டுவர வேண்டியிருக்கும். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து அதன் வழியே கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். கோடு நெளிந்தால் வில்லை மட்டமானது. இரண்டு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்ப்பதும் அவசியம். ஒரு கண்ணில் தெரிந்து மறுகண்ணில் தெரியாவிட்டால் அந்தக் கடையை விட்டுக் கண் மருத்துவரிடம் செல்வதே முறை. அது கண்புரையாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம்.

தூரப் பார்வையிலும் குறையுள்ளவர்கள் முறையாகச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கண் சோதனைக்குக் கட்டணமில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உள்ளது. வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் கண் மருத்துவ உதவியாளர்கள் உள்ளனர். அவர்கள் எந்த நாளில் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு போவது நலம். கடைகளில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்ற பலகையைக் காண்கிறோம். அந்த இயந்திரம் தருவது தொடக்கக் கணக்கு மட்டுமே. அதன்பின் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். இயந்திரச் சீட்டை வைத்தே கண்ணாடி போட்டுத் தரும் கடையில் வாங்காதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நாளில் சோதித்த பவர் சில வாரங்களில் மாறிவிடும். சர்க்கரையைச் சீராக்கிய பின் சோதித்தால் இரண்டு தடவை செலவழிக்க வேண்டியிராது.

சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது. கருவிழிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அதில் மில்லிமீட்டரில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த எண் இருந்தால் எந்தக் கடையிலும், இணையத்திலும், விலை விசாரித்து வாங்கலாம். அது இல்லாதவர் அந்தக் கடையிலேயே வாங்க வேண்டியவராகிறார். சில கடைகள் அந்த எண்ணைத் தரத் தயங்குவதன் பொருளும் அதுதான்.

விலையில் பெரும்பகுதி ஃப்ரேமில் இருக்கிறது. எடைகுறைந்ததும் மூக்கில் வழுக்காததும் போதும். பெயருக்காகக் கொடுப்பது பெயருக்கே போய்ச் சேரும். உலகின் புகழ்பெற்ற ஃப்ரேம் பெயர்களில் பலவும் வில்லைத் தொழிலின் பெரும்பங்கும் 2018 முதல் எஸ்ஸிலோர்லக்சோட்டிகா என்ற ஒரே குழுமத்தின் கையில் உள்ளன என்பதை அறிந்தால், கடையின் கண்ணாடி அலமாரியில் தெரியும் பன்மை அவ்வளவு பன்மையன்று என்பது விளங்கும். நம்மூர்ப் பக்கமும் ஒரு கதை உண்டு. ஓசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் 2007இல் மூக்குக்கண்ணாடி வணிகத்தில் இறங்கியது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. பழைய ஃப்ரேம் நன்றாக இருந்தால் வில்லையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் தாமாக இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

வில்லையில் சாதாரணப் பிளாஸ்டிக்கே பெரும்பாலோருக்குப் போதும். குழந்தைகளுக்கும் வெல்டிங், கல்லுடைப்பு போன்ற வேலை செய்வோருக்கும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் நல்லது. ‘ப்ளூ கட்’ என்ற பெயரில் கணினி ஒளியிலிருந்து காப்பதாகச் சொல்லி விற்கும் பூச்சுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அது கண் களைப்பைக் குறைப்பதாகச் சான்று எதையும் காணவில்லை. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே கண்ணாடியாக விற்கப்படும் புரோகிரசிவ் வில்லை விலை மிகுந்தது. அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் உறுத்துவது. வரப்பிலும் படியிலும் நடப்பவர்களுக்கு அதன் கீழ்ப்பகுதி தரையைக் கலங்கலாகக் காட்டும். கோடு தெரியும் பைஃபோகல்லுக்கும் இதே குறை உண்டு. தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு எளிய கண்ணாடிகள் வைத்துக்கொள்வது பலருக்கு மலிவு. ஒன்றைத் தேட மற்றொன்று உதவும் என்பது உபரி நன்மை.

ஒரு செய்தியையும் நினைவில் வைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ரசீதில் எந்த எண் இருக்கிறதென்று பாருங்கள். ரசீதே தராத கடையில் அந்தக் குறைப்பு உங்களை வந்தடைந்ததா என்பதை அறிய வழியில்லை.

காண்டாக்ட் லென்ஸ் குறித்து இங்கே நிறையச் சொல்வதற்கில்லை. கூம்புக் கருவிழி போன்ற சில குறைகளுக்கு அது மருந்துக்கு நிகரானது, அவர்களுக்கு மாற்றில்லை. அழகுக்காக அணிவோர் வில்லையின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். கழுவும் திரவம், மாதந்தோறும் புதிய வில்லை, மூன்று மாதத்துக்கொரு முறை புதிய பெட்டி என்று கூட்டினால் ஓராண்டுச் செலவில் பல கண்ணாடிகள் வாங்கலாம். புழுதியிலும் வயலிலும் வேலை செய்வோருக்கு அது உகந்ததன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின் தருமபுரியில் ஃப்ளூரைடு குறைந்த நீர் கிடைக்கிறது. ஆயினும் எந்த ஊர்க் குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வில்லையைக் கழுவக் கூடாது. நீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையைப் பறிக்க வல்லது. திருமண ஒப்பனையின்போது ஒருவர் அணிந்த நிற வில்லையை மற்றவருக்கு மாட்டும் வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அதை அனுமதிக்காதீர்கள்.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. கூட்டாகச் செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு கண் சோதித்து இலவசக் கண்ணாடி தருகிறது. ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் 2009இலிருந்து நினைவுக்கு வருகிறது. கண்புரைக்கு இலவச அறுவை உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர்களின் கண்ணை யாரும் தேடிப் போவதில்லை. வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். அந்தப் பையில் ஒரு படிப்பு அட்டையும் ஐந்து பவர்களில் சில கண்ணாடிகளும் இருந்தால் என்ன? வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் கிராமச் சுகாதாரப் பெண்கள் 2006 முதல் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அட்டையைக் காட்டி, கிட்டப்பார்வை மட்டும் குறைந்தவர்களுக்குக் கண்ணாடி தருகிறார்கள்; மற்றவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மருத்துவரிடம் போகாமலேயே இருந்துவிடுவார்களே என்ற ஆட்சேபத்துக்கு இதில் விடை இருக்கிறது. கண்ணாடி கொடுக்க வரும் பெண்ணே மருத்துவரிடம் போகச் சொல்பவளாகவும் ஆகிறாள்.

மற்றொன்று நம்முடைய பொறுப்பு. 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் செலுத்திவருகிறோம். அந்தக் காசில் நூல் வாங்குகிறார்கள், அலமாரி வாங்குகிறார்கள், மின்விசிறி வாங்குகிறார்கள். படிக்கும் கண்ணாடி வாங்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வங்கிகளில் நூல் கட்டிய பேனா வைத்திருப்பதைப் போல, அஞ்சலகத்தில் பசை வைத்திருப்பதைப் போல, கிளை நூலகத்தின் செய்தித்தாள் மேசையில் கண்ணாடி வைத்திருக்கலாம். +1, +1.5, +2, +2.5, +3 என ஐந்து பவர்களிலும் இரண்டிரண்டு. சில்லறை விலையிலேயே வாங்கினாலும் மொத்தம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய். திருடு போனால்? போகட்டும். எடுத்துச் சென்றவர் அதை வைத்துப் படிக்கத்தான் போகிறார்.

தகடூர் புத்தகப் பேரவை தருமபுரியில் நடத்தும் புத்தகத் திருவிழாவிலும் இதற்கோர் அரங்கு வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம். நூல் அரங்குகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு படிப்பு அட்டை, அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு கண் மருத்துவ உதவியாளர், வாங்கிய விலைக்கே விற்கும் கண்ணாடிகள். பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தந்துவிட்டு, தமக்கென எதையும் புரட்டிப் பார்க்காமல் பையைப் பிடித்தபடி நிற்கும் தாய்மார்களை நாம் எல்லாப் புத்தகக் காட்சிகளிலும் பார்க்கிறோம். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டும் முன் அந்த மேசைக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம். பதிப்பாளர்களிடமும் ஒரு கோரிக்கை: பக்கத்தை மிச்சப்படுத்த எழுத்தின் அளவைக் குறைக்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. பத்துப் புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். அறிவொளிப் புத்தகங்களின் பெரிய எழுத்து அன்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக அச்சானது. அதே பெண்களுக்கு, வேறு காரணத்துக்காக, அது இப்போது மறுபடியும் தேவைப்படுகிறது.

எந்தக் கிளை நூலகத்திலாவது வாசகர் வட்டத்தார் இந்தக் கண்ணாடி மேசையைத் தொடங்க முன்வந்தால், முதல் பத்துக் கண்ணாடிகளுக்கான தொகையை எங்கள் குழு தரும். வண்ணத்தைப் பற்றி மட்டும் ஒரு யோசனை: கறுப்பு ஃப்ரேமாகவே வாங்குங்கள். பளிச்சென்ற வண்ணங்களில் வைத்தால் பெரியவர்கள் கூச்சப்பட்டுத் தொடமாட்டார்கள்.